கொம்பையா பாலைவனத்தில் தனியாக இருந்த கதை

வாகைக்குறிச்சியில் முட்டாள்கள் யாரும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களே கூட்டம் போட்டு, கை தூக்கி, ஏகமனதாக எடுத்த முடிவு அது. ஆகவே நாம் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் கொம்பையா. மில் ஓடும் நேரமெல்லாம் அவருடைய கூட்டாளிகள் பூதத்தான், பால்துரை, தளவாய் மூன்று பேரும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மில் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

ஒருநாள் கொம்பையாவுக்குப் படபடவென்று வந்துவிட்டது. கோவில்பட்டி டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சத்தம், கூட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு ரெண்டு நாள் எங்கயாவது தனியாப் போய் இருங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்" என்றார்.

விஷயம் கேள்விப்பட்ட மகள் மதிவதனி, பெங்களூரில் இருந்தபடியே ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு சொகுசு விடுதியில் கூடாரம் பதிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு ஆளுக்கு.

"அப்பா, சனி ஞாயிறு ரெண்டு நாள் நிம்மதியா இருங்க. யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க."

கொம்பையாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் குலை நடுக்கம். தனியாகவே இருந்துவிடுவது என்று உறுதியாக முடிவெடுத்தார். ஆனால் பிறந்ததிலிருந்து அவர் தனியாக இருந்ததில்லை. எப்படி இருப்பது என்று தெரியவில்லை. மில்லை நிறுத்திவிட்டு நாலு பேரும் யோசித்தார்கள்.

"தெரியாத ஊரு. நீ தனியா இருக்கும்போது எவனாவது வந்து பக்கத்துல உக்காந்துட்டா?" என்றார் பூதத்தான்.

"எந்திரிச்சுப் போடான்னு சொல்லுவேன்."

"தமிழ்லயா?"

கொம்பையா பால்துரையைத் திரும்பிப் பார்த்தார்.

பால்துரை நிதானமான மனிதர். "தனியா இருக்கவனுக்குக் காவலுக்கு ஆள் வேணும்டே. நாங்க மூணு பேரும் வாரோம். நீ ஒழுங்காத் தனியா இருக்கியான்னு பாத்துக்கிடுதோம்" என்றார்.

"யாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு மக சொல்லிட்டாளே?"

"நீ எங்கடே கூட்டிட்டுப் போற? நாங்கல்லா உன்னையக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் தளவாய்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? கிளம்பிவிட்டார்கள்.

விடுதி நட்டநடு மணலில் இருந்தது. வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், நடுவில் நீலமாக ஒரு நீச்சல் குளம். மேலாளர் நஸீர் அகமது, நல்லவேளையாக, ஆம்பூர்க்காரர்.

"ஒருத்தருக்குத்தானே ஐயா புக் ஆகியிருக்கு?"

"ஒருத்தருதான் தங்குதாரு. நாங்க அவரு தனியா இருக்கதுக்காக வந்திருக்கோம்" என்றார் பால்துரை.

நஸீர் தமிழ் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மூன்று பேரையும் வேலையாட்களோடு படுத்துக்கொள்ளச் சொன்னார். கொம்பையாவிடம், "இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். அந்தத் தொழிலில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற பேச்சுதான் அது. இதுவரை யாரும் அப்படி நினைத்ததில்லை.

பிறகு ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்தார். "இதை வாசல்ல மாட்டிட்டா ஒருத்தரும் உள்ள போகக் கூடாதுன்னு அர்த்தம்."

கொம்பையா அட்டையை வாசலில் மாட்டினார். மாட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஏன்டே நிக்க? உள்ள போ" என்றார் பூதத்தான்.

"ஒருத்தரும் போகக் கூடாதாம்."

"நீ வேற, மத்தவங்க வேறல்லா?"

"நானும் ஒருத்தன்தானடே. ஒரு ஆளுக்குன்னுதான மக பதிஞ்சிருக்கா?"

அது நியாயம்தான். வெகுநேரம் யோசித்து, அட்டை தொங்குவது வாசலில்தான், பின்பக்கம் தொங்கவில்லை என்பதைத் தளவாய்தான் கண்டுபிடித்தார். பின்பக்கம் போய் இரண்டு முளைகளைப் பிடுங்கித் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். கொம்பையா தவழ்ந்து உள்ளே போனார். கூடாரம் கொஞ்சம் சாய்ந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று பேரும் மூன்று பக்கம் காவலுக்கு உட்கார்ந்தார்கள். நாலாவது பக்கம் வெறும் பாலைவனம்தானே, அங்கிருந்து யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

உள்ளே கொம்பையா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் வீட்டு முற்றம் அளவுக்கு இருந்தது அந்தக் கட்டில். எங்கும் ஒரு சத்தமில்லை. சத்தமில்லாமல் இருந்தால் காது இப்படி 'ஙொய்' என்று கத்தும் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். நெஞ்சு ஊரில் அடித்ததைவிட வேகமாக அடித்தது.

"கொம்பையா, தனியா இருக்கியாடே?" என்று வெளியிலிருந்து பூதத்தான் கேட்டார்.

"இருக்கேம்டே."

கொஞ்ச நேரத்தில் பால்துரை கேட்டார். அப்புறம் தளவாய் கேட்டார். கடமையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. இப்படியே முறைபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்பக்கத் துணி விலகியது. முளை பிடுங்கின இடம் வழியாக ஒரு ஒட்டகம் கழுத்தை உள்ளே நீட்டி, கொம்பையாவை உற்றுப் பார்த்தது.

"தனியா இருக்கியாடே?"

"இல்லடே. இங்க ஒரு ஒட்டகம் நிக்கி."

வெளியே மூன்று பேரும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பால்துரை கேட்டார்: "அது ஆளா?"

கொம்பையா ஒட்டகத்தைப் பார்த்தார். "ஆள் இல்ல."

"அப்பத் தனியாத்தான் இருக்க. பயப்படாத."

ஒட்டகம் தட்டிலிருந்த ஆப்பிள்களைத் தின்றுவிட்டுப் போனது. அது போனதும் கொம்பையாவுக்கு அழுகை முட்டியது. குளியலறையில் தலைமுடி காயவைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினார். 'ஹோ' என்று இரைந்தது. மில் சத்தத்தில் கால்வாசிகூட இல்லை, ஆனாலும் ஒரே சாயல். அதை ஓடவிட்டு, பக்கத்திலேயே தரையில் துண்டை விரித்துப் படுத்தார். அப்போதுதான் கண் அயர்ந்தது.

மறுநாள் காலையில் எழுந்து வெளியே பார்த்தவர் அலறிவிட்டார். "ஏலே ஓடியாங்க! தண்ணி வந்திருக்கு!"

வாகைக்குறிச்சியில் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்தால் வீட்டிலுள்ள ஏனம் அத்தனையிலும் பிடித்துவைக்க வேண்டும். வீடு மாதிரி நினைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு குளமே நிற்கிறது. வாளி, அண்டா, குளியல்தொட்டி, பூச்சாடி, சூப்புக் கிண்ணம், ஐஸ்கட்டி வைக்கிற பாத்திரம் என்று ஒன்று விடாமல் மொண்டு மொண்டு நிரப்பினார்கள். பல்லி விழாமல் ஒவ்வொன்றையும் தட்டு போட்டு மூடி, கொம்பையாவின் கூடாரத்துக்குள் அடுக்கினார்கள். நஸீர் ஓடிவந்தபோது குளத்தில் முழங்காலளவு தண்ணீர்தான் கிடந்தது.

"ஐயா! அது நீச்சல் குளம் ஐயா!"

"தெரியும். இன்னைக்கி வந்திருக்கு. நாளைக்கி வரலன்னா?"

"தினமும் வரும். மோட்டார் போட்டிருக்கோம்."

நாலு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "எங்க பஞ்சாயத்துலயும் இதத்தான் சொல்லுதாங்க தம்பி" என்றார் கொம்பையா.

நஸீர் குளத்தங்கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆம்பூரில் தங்கை கல்யாணம் வேறு வருகிறது.

மத்தியானம் வானம் பழுப்பாக மாறியது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மணற்புயல் வந்து விழுந்தது. எல்லோரும் கூடாரங்களுக்குள் சுருண்டுகொண்டார்கள். ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் குளம் இருந்த இடம் மேடாகிக் கிடந்தது. மோட்டாருக்குள் மணல் புகுந்து அது உறுமிவிட்டு நின்றுபோனது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டெல்லிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் காதில் மணல், மூக்கில் மணல், பல்லிடுக்கில் மணலோடு ஆளுக்கொரு பாஷையில் கத்தினார்கள்.

மொத்த விடுதியிலும் முகம் கழுவத் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான்.

கொம்பையாவின் கூடாரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. நின்றதல்ல, தளவாய் நிற்க வைத்தார். முந்தப் பார்த்த ஒரு டெல்லிக்காரரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கடைசியில் விட்டார். கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பால் மொண்டு ஊற்றினார். "தள்ளாதீங்கய்யா! எல்லாத்துக்கும் இருக்கு! ஏம்மா, குனிஞ்சு கழுவு!" மில்லில் மாவு அரைக்க வந்த கூட்டத்தைச் சமாளிப்பதுபோலவே இருந்தது. ஒரே கூச்சல், ஒரே தள்ளுமுள்ளு. நெஞ்சுப் படபடப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒட்டகம் வந்துபோனதிலிருந்து பின்பக்கம் காவலிருந்த பூதத்தான் கடமை தவறாமல் குரல் கொடுத்தார். "கொம்பையா, தனியா இருக்கியாடே?"

கொம்பையா வரிசையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தரையும் எனக்குத் தெரியாதுடே!"

"அப்பச் சரி."

மறுநாள் காலையில் மோட்டார் சரியாகிக் குழாயில் தண்ணீர் வந்தது. நஸீருக்கு வேலை தப்பியது. அதுமட்டுமில்லை, முதலாளியே போனில் கூப்பிட்டு, முன்யோசனையோடு தண்ணீர் சேமித்ததற்காக அவரைப் பாராட்டினார். நஸீர் நாலு பேரையும் கட்டிப்பிடித்தார். ரயிலுக்குக் கிளம்புமுன் ஒரு போட்டோ எடுத்து விடுதி முகப்பில் மாட்டியே ஆக வேண்டும் என்றார்.

போட்டோக்காரர் பன்வர் சிங்குக்குத் தமிழ் தெரியாது. மரியாதைக்காக நஸீர் அவருக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தார். நாலு பேரும் முகப்பில் வரிசையாக நின்றார்கள். தளவாய் ஒரு கையை முன்னால் நீட்டி, அரசியல் தலைவர் மாதிரி நின்றார்.

"அசையாதீங்க!" என்றார் பன்வர் சிங். கிளிக் என்றது. காமிராவை மாட்டிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டில் படமெடுக்க மோட்டார் சைக்கிளில் ஜோத்பூருக்குப் போய்விட்டார்.

ரயிலடிக்குப் போகும் வேன் வந்து ஹாரன் அடித்தது. நாலு பேரும் நின்றது நின்றபடி நின்றார்கள்.

"ஐயா, எடுத்தாச்சு. அசையலாம்" என்றார் நஸீர்.

"நீங்க சொன்னா எப்படித் தம்பி?" என்றார் பால்துரை, உதடு அசையாமல். "அசையக் கூடாதுன்னு சொன்னவரு வேறல்லா? அவரு வந்து சொல்லட்டும்."

நஸீர் கெஞ்சினார், கும்பிட்டார், பன்வர் சிங்குக்குப் போன் போட்டார். அங்கே மேளச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. வேன் போய்விட்டது. புதிதாக வந்திறங்கிய விருந்தாளிகள் சிலைகளை வியந்து தொட்டுப் பார்த்தார்கள். குளித்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், நீட்டியிருந்த தளவாயின் கையில் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு நடந்தாள்.

தளவாய் கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க நிழலு. காயாது. எங்க நாலு பேரையும் தூக்கி அந்தா வெயில்ல வச்சிரு."