குடலுக்குள் ரெஜினா

“என் பிள்ளை படிக்கவே மாட்டேங்கா. நாள் பூரா குடலுக்குள்ள போய்ச் செத்துச் செத்து வாரா. இதுக்குப் பேரு பயாலஜியா?”

ரெஜினா இதைச் சொல்வது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னபோது தமயந்தி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“ஆமாக்கா, நேத்துக்கூட நிறையத் தடவை செத்தா,” என்றாள் தமயந்தி.

ரெஜினாவைவிடப் பத்து வயது சின்னவள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து உயிரியல் சொல்லித் தருகிறாள். கொண்டுவருவது ஒரு டேப்லெட், அதில் உடம்புக்குள் நடக்கும் ஒரு விளையாட்டு. அவ்வளவுதான்.

“நான் படிச்ச கான்வென்ட்ல படத்துல அம்புக்குறி கோணினாலே சிஸ்டர் அரை மார்க் குறைப்பாங்க. இவளுக்குக் குடல் படம் வரையத் தெரியல மிஸ். திங்கட்கிழமை பழைய ஸ்கூலுக்கே போகட்டும்.”

சாப்பாட்டு மேசையில் இருந்த மகள் ஷெரினின் விரல் டேப்பின் மேலேயே நின்றுவிட்டது. பதினொரு வயது. கேள்வி கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டவள். அதன்பிறகு ஒரு வருஷம் வீட்டில்கூட எதையும் கேட்கவில்லை. அதனால்தான் ரெஜினா வீட்டோடு வைத்துக்கொண்டாள். இப்போதுதான் சாப்பிடும்போது ஏதாவது கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அதுவும் ரசத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, இது உள்ளே போய் யாரைப் பார்க்கும் என்கிற மாதிரி.

“ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கக்கா,” என்றாள் தமயந்தி. “அப்புறம் அனுப்புங்க.”

“நானா?”

“பயமா இருந்தா வேண்டாம்.”

ரெஜினாவிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. டேப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

ரெஜினாவின் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். உட்காரத்தான் யாருக்கும் தைரியம் வராது. அப்படிப்பட்டவளை, நோய்க்கிருமியைக் கொல்லும் ரத்த வெள்ளை அணுவாக்கிக் குடலுக்குள் இறக்கிவிட்டார்கள். உள்ளே பச்சையும் ஊதாவுமாக நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன.

“சீ,” என்றாள் ரெஜினா.

“அம்மா, அதுங்க...”

“பேசாதட்டி. வேலை நடக்கும்போது குறுக்கே வராத.”

ஒரு மூலை விடவில்லை. மடிப்பு மடிப்பாகப் புகுந்து வாரினாள். குடல் பளிங்குபோல ஆனது. புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தமயந்தியைப் பார்த்தாள். “இதுக்குப் போயா இவ்வளவு நாள்?”

அப்போதுதான் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. வெறுமையாகக் கிடந்த இடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. கேட்பாரில்லை. இரண்டானது, நாலானது. சுவரெல்லாம் கறுத்தது. திரை சிவந்தது. உடம்பு படுத்துவிட்டது.

“கேம்ல ஏதோ கோளாறு,” என்றாள் ரெஜினா.

“இல்லம்மா,” என்றாள் ஷெரின். “முன்னாடி இருந்ததெல்லாம் நம்ம ஆளுங்க, நல்ல கிருமிங்க. அதுங்க உக்காந்திருந்தா அந்தக் கறுப்புக்கு இடம் கிடைக்காது. நானும் முதல்ல எல்லாத்தையும் கொன்னேன்.”

“பின்ன சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்ல வந்தேன்.”

அடுப்பில் குக்கர் கத்தியது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள் ரெஜினா. குரல் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை.

“சரி மிஸ். எல்லாத்தையும் விட்டா அந்தக் கெட்டதையும் விட்ட மாதிரி ஆயிரும். எல்லாத்தையும் துடைச்சாலும் அது வந்து உக்காருது. எதை விடணும், எதை அடிக்கணும்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?”

தமயந்தி டேப்பைத் துடைத்து ஷெரினிடம் கொடுத்தாள்.

“உள்ள போனதுல இருந்து யாரையாவது, நீ யாரு, என்ன வேலை பாக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?”

ஷெரின் அதற்குள் அடுத்த ஆட்டத்தில் இறங்கியிருந்தாள். மெல்லத்தான் போனாள், ஒவ்வொன்றிடமும் நின்று நின்று.

ரெஜினா நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏட்டி, திங்கட்கிழமைப் பேச்சை விடு. கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்தப் பச்சை யாரு, என்ன வேலை பாக்குன்னு எனக்கும் சொல்லிக்கிட்டே போ.”