மதிலுக்கு அந்தப் பக்கம்

ஒரு காலனியில் தணிகாசலம் என்பவர் வீட்டு வாசலுக்கு மேலே ஒரு கேமரா குடியேறியது. வந்த வேலை திருடனைப் பிடிப்பது. ஆனால் வந்த நாளிலிருந்தே அதற்குத் தலைகால் புரியவில்லை. தன் வாசலோடு நிற்காமல், மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முற்றத்தையும் எட்டிப் பார்த்தது.

அங்கே ரெஜினா ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. சத்துணவு அமைப்பாளர். பஸ் போகாத ஊருக்கு மாற்றலாகியிருந்தது. பத்து நாளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கேமராவுக்கு ரெஜினாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் அவர் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, தலையில் ஈரத் துண்டோடு முருங்கை மரத்தில் முட்டி விழுந்தார். அதை அப்படியே தணிகாசலத்தின் போனுக்கு அனுப்பியது. மனுஷன் சிரிப்பை அடக்க முடியாமல் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். காலனியே சிரித்தது.

மறுநாள் முற்றத்தில் ஆளில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

“ரெஜினாவை ஏன் காணோம்?” என்று கேமரா ஸ்கூட்டரைக் கேட்டது.

“உன்னால்தான். முட்டி பெயர்ந்தபோதுகூட அழாதவர், அந்தப் படத்தைப் பார்த்து அழுதார். இனி என்னைத் தொடமாட்டாராம்.”

“நான் பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே காட்டினேன்?”

மதிலுக்குச் சிரிப்பு வந்தது. “முப்பது வருஷமாக இரண்டு வீட்டையும் நானும்தான் பார்க்கிறேன். வாய் திறந்தேனா? கேட்காமல் எடுப்பவனைப் பிடிக்கத்தானே உன்னை மாட்டினார்கள்? நீ மட்டும் கேட்டா எடுத்தாய்?”

கேமராவுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தாங்கிய திருகாணியிடம், “கொஞ்சம் தளர்ந்துகொடேன்” என்று கெஞ்சியது.

“தளர்ந்தால் முற்றம் தெரியாதே?”

“தெரியாவிட்டால் போகிறது.” சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது.

திருகாணி தளர்ந்தது. கேமரா தலைகுனிந்து தன் வீட்டு வாசல்படியையும் செருப்புகளையும் பார்த்தது. அதை நிமிர்த்த தணிகாசலம் ஸ்டூல் போட்டு ஏறினார். மதிலுக்கு அப்பாலிருந்து ரெஜினா கூப்பிட்டார்.

“அண்ணே, அது அப்படியே இருக்கட்டும். உங்க வாசல அது பாக்கட்டும். என் வீட்டுல நான் விழுந்தா நான் பாத்துக்குறேன்.”

ஸ்டூல் மேல் நின்றவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “தப்புதாம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இப்பவே அழிச்சிடுறேன்” என்றார். கேமரா குனிந்த வாக்கிலேயே இருக்கும்படி திருகாணியை இறுக்கினார்.

மறுநாளிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு உறுமல், ஒரு ‘தொம்’, பிறகு ரெஜினாவின் சிரிப்பு. விழுந்தது முருங்கை மரத்தடியிலா, தண்ணீர்த் தொட்டியிலா என்று ஊகிப்பதே கேமராவுக்கு விளையாட்டாகிவிட்டது. பார்த்தபோது இருந்த சந்தோஷத்தைவிட இது பெரிதாக இருந்தது.

வேலையில் சேரும் நாள் காலை, தணிகாசலம் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. கேமராவுக்கு நேர் கீழே, புதுச் சேலையும் ஹெல்மெட்டுமாக, ஸ்கூட்டர் மேல் ரெஜினா. அண்ணாந்து கேமராவைப் பார்த்துக் கையசைத்தார்.

“அண்ணே, இத எடுத்து குரூப்புல போடுங்க.”