மூக்கு நுழையும் வாசல்

விலங்குக்கும் பறவைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், இருவாச்சிப் பறவையின் கூட்டுக்கு அடைப்பு எதுவும் கிடையாது. மரப்பொந்துதான் கூடு. அதன் வாய் அகலத் திறந்திருக்கும். யாரும் வரலாம், யாரும் போகலாம்.

ஆனைமலைக் காட்டில், ஒரு நாங்கு மரத்தில், தரையிலிருந்து நாற்பது முழ உயரத்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது. ஆணுக்கு மாசாணன் என்று பெயர். பெண் பாவாத்தாள். கலியாணமாகி நான்கு வருஷம். மூன்று வருஷம் முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூட இல்லை. மரநாய் தின்றுவிட்டது என்று மாசாணன் எல்லோரிடமும் சொல்வான். முழு உண்மை அவனுக்குத் தெரியும்.

முதல் வருஷம், பொந்துக்குள் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று சண்டை. இரண்டாம் வருஷம், அவளுடைய அண்ணன் வந்தபோது இவன் கிளையைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று சண்டை. மூன்றாம் வருஷச் சண்டை எதற்கு வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. ஆனால் மூன்றிலும் நீளமானது அதுதான். மூன்று தடவையும் இவன் கோபித்துக்கொண்டு பறந்து போனான். 'நான் மட்டும் உட்கார்ந்திருக்கணுமா?' என்று அவளும் எதிர்த்திசையில் போனாள். திரும்பி வந்தபோது முட்டை ஓடுதான் கிடந்தது.

மரநாய் தேடி அலையவே இல்லை. அடிமரத்து வேரில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும். மேலே சத்தம் ஏறினால் எழுந்து சோம்பல் முறிக்கும்.

நான்காம் வருஷம் இரண்டு முட்டை. மாசாணன் காலையில் அத்திப்பழம் கொண்டுவந்து பொந்தில் மொத்தமாகக் கொட்டினான்.

"ஏனுங்க, எத்தனை பழம்?" என்றாள் பாவாத்தாள்.

"பதினேழு."

"பதினாறுதான் இருக்குது."

"எண்ணி எண்ணித்தான் தொண்டையில போட்டேன். பதினேழு."

"வழியில ஒண்ணை முழுங்கியிருப்பீங்க. முழுங்கினா முழுங்கினேன்னு சொல்றது."

"ஒரு பழத்துக்குப் பொய் சொல்றவனா நான்?"

"பழத்துக்கு யாருங்க அழுதா? நேத்தும் ஒண்ணு குறைஞ்சுது. சொன்னா வம்பாகும்னு இருந்தேன்."

"அதை நேத்தே சொல்லாம, சேத்து வெச்சுக்கிட்டு…"

"நான் சேத்து வெச்சிருக்கறதை எல்லாம் சொன்னா இந்த மரம் தாங்காது."

"உன்னோட பேசறதுக்கு அந்த மரநாயோட பேசலாம்!" என்று கத்திவிட்டு மாசாணன் பறந்துவிட்டான்.

இரண்டு மலை தள்ளிப் போய் உட்கார்ந்தான். சொல்லியிருக்கவேண்டிய பதில்கள் அங்கேதான் ஞாபகம் வந்தன. மொத்தம் ஒன்பது. ஒன்பதும் நல்ல பதில்கள். எதை முதலில் சொல்லலாம் என்று அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு, திடீரென்று முட்டை நினைவு வந்தது. இந்நேரம் அவளும் பறந்து போயிருப்பாளே!

அலறியடித்துத் திரும்பினான். மரநாய் பாதி மரம் ஏறியிருந்தது. அவனைப் பார்த்ததும் அப்படியே தண்டோடு ஒட்டிக்கொண்டது. பொந்தின் வாயோ முக்கால்வாசி மண் பூசி அடைபட்டிருந்தது. உள்ளே பாவாத்தாள் பொந்து மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னை வெளியில வெச்சு அடைக்கறியா?"

"என்னை உள்ள வெச்சு அடைக்கறேன். நானும் போகத்தான் எந்திரிச்சேன். எட்டிப் பாத்தா கீழ அது சோம்பல் முறிக்குது. நம்ம ரெண்டு பேரு வாயும் அடங்காதுங்க. கோபம் வந்தா நான் போகாம இருக்கணும்னா, போகவே முடியாம இருக்கணும். மண்ணு பத்தலை, ஆத்துல இருந்து கொண்டாங்க."

ஏழு தடவை மண் கொண்டுவந்தான். வாசல் சுருங்கிச் சுருங்கி ஒரு விரிசலாயிற்று. எட்டாவது உருண்டை அவன் மூக்கில் இருந்தது. அதை வைத்துவிட்டால் முழுக்க அடைபடும். அவள் குரலும் கேட்காது. நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவனுக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை. அவன் அதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

"அதை வெக்காதீங்க. பழம் வரணும்" என்றாள் உள்ளிருந்து.

மாசாணன் உருண்டையைக் கிளையில் வைத்தான். "நான் பழம் கொண்டாறது இருக்கட்டும். நாளைக்கும் நமக்குச் சண்டை வரும். கோபத்துல போனவன் வராமலே இருந்துட்டா? உன்னால வெளியவும் வரமுடியாது. முட்டையோட சேந்து நீயும் போயிருவியே, பாவாத்தா."

பதில் சொல்ல அவள் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"கோபப்படாதீங்கன்னா உங்களால முடியாது. கோபத்தோடவே வாங்க. வந்துருங்க, அவ்வளவுதான்."

மாசாணன் உருண்டையைக் காலால் தள்ளிவிட்டான். அது மரநாயின் தலையில் விழுந்தது. பிறகு ஈரமண்ணில் இருந்த விரிசலுக்குள் தன் மூக்கைக் கண்வரை நுழைத்தான். மண் இறுகும்வரை எடுக்கவில்லை.

"ஆட்டாதீங்க" என்றாள் அவள்.

"நீ பேசாம இரு" என்றான் அவன்.

மூக்கின் அளவுக்கு ஒரு வாசல் நின்றது.

முட்டை பொரிய நாற்பது நாள். அதில் சண்டையில்லாத நாள் ஒன்பது. இருபத்தாறாம் நாள் பெருஞ்சண்டை. "இனி இந்தப் பக்கம் வந்தா என் பேரு மாசாணன் இல்லை!" என்று கிளம்பிவிட்டான். மத்தியானம் ஆயிற்று, வரவில்லை. வெயில் சாய்ந்தது, வரவில்லை. மரநாய் நிதானமாக ஏறிவந்து மண்சுவரைப் பிறாண்டியது. பாவாத்தாள் மூக்கை வாசலில் நீட்டி அதைக் குத்திக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து பட்டினி. குத்து தளர்ந்தது.

அப்போது தூரத்தில், காற்றைக் கிழிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். மாசாணன் வந்துகொண்டிருந்தான். வாய் நிறையப் பழம், திட்ட வழியில்லை. இருந்த கோபமெல்லாம் சிறகில் இறங்கியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் இலைகள் நடுங்கின. காட்டுத் தீயோ என்று பயந்து மரநாய் நாற்பது முழத்தையும் ஒரே ஓட்டத்தில் இறங்கிப் போயிற்று. அப்புறம் அந்த மரத்துப் பக்கம் அது வரவில்லை.

மாசாணன் வாசலில் மூக்கை வைத்தான். "ஒண்ணு. எண்ணிக்கோ" என்று ஒவ்வொரு பழமாகக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. எண்ணினாள்.

நாற்பதாம் நாள் உள்ளே இரண்டு குஞ்சுகளின் குரல் கேட்டது.

அன்று முதல்தான் பெண் இருவாச்சி, மூக்கு நுழையும் அளவு விட்டுத் தன் வாசலை அடைத்துக்கொள்கிறது. ஆண் இருவாச்சியும் அத்தனை இரைச்சலோடு, ஆனால் தவறாமல், கூட்டுக்கு வந்து சேருகிறது.