எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோப்பை

"எல்லா வருஷமும் எழுதியாச்சு மாஸ்டர். எழுபத்தெட்டு மட்டும்தான் இடிக்குது" என்றார் எபநேசர்.

போஜன் மாஸ்டர் புல்லில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

எபநேசர் மேல்சோலை உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கோல்ப் ஆட ஆசை வந்து, கிளப்பில் பயிற்சி கொடுக்கும் போஜனிடம் வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வருஷமாகியும் அவர் அடிக்கும் பந்து நேராகப் போவதில்லை. ஆனாலும் மாஸ்டரை விட்டுப் போக மனம் வரவில்லை.

இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது.

மேல்சோலைக் கோப்பைக்கான கோல்ப் போட்டி நின்றுபோய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அதன் சரித்திரத்தை எழுதித் தரும்படி கிளப் கமிட்டி எபநேசரைக் கேட்டிருந்தது. வென்றவர்களின் பெயர்ப் பலகைக்கும் புது வர்ணம் பூசப்போகிறார்கள். அதில் 1978க்கு நேரே வெறும் மரம்தான் இருந்தது.

மற்ற வருஷங்களை எபநேசர் ஆசை ஆசையாக எழுதியிருந்தார்.

அக்டோபர் வந்தால் மலைரயிலில் ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவார்கள். கல்கத்தா, தில்லி, பெங்களூர். எல்லோரும் காசுக்கு ஆடுகிற தொழில்முறைக்காரர்கள். பெரும்பாலும் ஒரு காலத்தில் துரைமார்களின் பையைத் தூக்கி நடந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்கள். கிளப் அறைகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஊரார் வீடுகளில் தங்குவார்கள்.

கல்கத்தா யாகூப் மூன்று வருஷம் போஜன் வீட்டில்தான் தங்கினார். போஜனின் அம்மா கொடுத்த ராகிக் களியை முதல் நாள் மென்று பார்த்துத் திணறினார். மூன்றாம் வருஷம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசி நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு. கம்பளித் தொப்பியும் கையில் வர்க்கிப் பொட்டலமுமாக ஊரே ஆட்டக்காரர்களின் பின்னால் நடக்கும். பந்தை அடிக்கும் நேரத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது சோலைக்குள் ஒரு குருவி கூப்பிட்டால்கூடக் கேட்கும்.

இவ்வளவும் எபநேசருக்குத் தடையில்லாமல் வந்தது. எழுபத்தெட்டில்தான் பேனா நின்றுவிட்டது. அந்த வருஷம் அவர் ஊரில் இல்லை. பாளையங்கோட்டையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி நோட்டில் மூன்று வரிகள்தான் இருந்தன. கடைசி நாள் பதினாறாவது குழி முடிந்தபோது, மழையில் கீழே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் மேல் மண் சரிந்தது. ஆட்டம் நின்றது. மீதி இரண்டு குழிகளை மறுநாள் காலை ஆட போஜனும் யாகூப்பும் அழைக்கப்பட்டார்கள், இருவருமே வரவில்லை.

அவர்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கோப்பை என்பது ஊருக்கே தெரியும். எவருக்கு என்பதில்தான் சண்டை. போஜன் முன்னால் இருந்தார் என்று சந்தைக்கடையில் சத்தியம் செய்வார்கள். போன மாதம் கல்கத்தாவிலிருந்து யாகூப்பின் மகன் கடிதம் எழுதியிருந்தார். அப்பா காலமாகிவிட்டார், அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை, ஆனால் முன்னால் இருந்தவர் அவர்தான் என்று கூட ஆடியவர்கள் சொல்கிறார்கள், தயவுசெய்து விசாரிக்க வேண்டும் என்று.

எபநேசர் சொல்வதைப் பலகையில் எழுதுவதாகக் கமிட்டி ஒப்புக்கொண்டிருந்தது.

மாஸ்டர் மூன்று தடவை இரண்டாவதாக வந்தவர். அந்தப் பலகையில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. கோப்பையே இல்லாத ஊரில் இனி வரப்போவதும் இல்லை.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர்" என்றார் எபநேசர். "உங்க பேரைப் போட்டுடறேன்."

மாஸ்டர் எழுந்தார். குழாயில் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டார். தன் அறைக்குள் போய், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தார். அதற்குள்ளிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

எபநேசர் அதை வாங்கி விரித்தார்.

இந்த ஆட்டத்தில் ஒருவர் கணக்கை இன்னொருவர்தான் எழுத வேண்டும். யாகூப்பின் அட்டை அன்று போஜன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் யாகூப் எத்தனை அடி அடித்தார் என்ற எண்கள் ஒரு வரிசை. கீழே, சரிபார்க்க, போஜன் தன் எண்களையும் எழுதியிருந்தார். பதினாறு கட்டங்களும் நிறைந்திருந்தன. கூட்டினால் யார் முன்னால் என்று தெரிந்துவிடும்.

எபநேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். ஏழாவது கட்டம் வரை இரண்டு பேரும் சமம்.

"பின்னாடி திருப்புங்க சார்" என்றார் மாஸ்டர்.

பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் பெயர்கள். வீராயி. முனியன். ராக்கம்மா. பெயர்களின் பக்கத்தில் சிறு சிறு கோடுகள்.

"லயத்துல யாரு உள்ள இருக்கா, யாரு வெளிய இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியல. பொம்பளைங்க பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு நின்னாங்க. என்கிட்ட இருந்த காகிதம் இதுதான். பேரை எழுதிக்கிட்டோம். ஆளு வெளிய வந்தா ஒரு கோடு."

பத்தாவது பெயரிலிருந்து எழுத்து மாறியது. மேலே ஒரு கோடு இழுத்து, கொடியில் துணி காயப் போட்டது போலத் தொங்கும் எழுத்து.

"இது?"

"யாகூப் எழுதினது. தகரம் கிழிச்சு எனக்குக் கையில காயம், எழுத முடியல. நான் பேரைச் சொன்னேன், அவர் எழுதினார்."

"அவருக்குத் தமிழ் தெரியாதே மாஸ்டர்."

"காதுல விழுந்ததை அவங்க எழுத்துல எழுதினார்."

எபநேசர் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை.

"உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

மாஸ்டர் அருகில் வந்து உட்கார்ந்தார். அந்தப் புரியாத எழுத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"சடையாண்டி" என்றார்.

விரல் ஒரு வரி இறங்கியது.

"பேச்சியம்மா. அவ மாமியா, இருளாயி."

இன்னொரு வரி. இன்னொரு வரி. ஒரு இடத்திலும் அவர் தடுமாறவில்லை. கடைசிக்கு முந்திய பெயரில் விரல் நின்றது. அதன் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை.

"அரியநாதன்" என்றார் மாஸ்டர். "மறுநாள் காலையில அடக்கம். நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம்."

மைதானத்தின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது கருப்பாயி. கடைசியா வந்தவ. யாகூப்தான் தோள்ல போட்டுக்கிட்டு மேல ஏறி வந்தார்."

எபநேசர் அட்டையை முன்பக்கம் திருப்பவில்லை. நோட்டில் 1978 என்று தலைப்பிட்டுக் காலியாக விட்டிருந்த பக்கத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"மெதுவாச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார். "முதல்லேருந்து."