அழுங்குக்குக் கிடைத்த குகை

அடைமழைக்குப் பேர்போன ஒரு காட்டில், குட்டியை வால்மேல் சுமந்துகொண்டு ஓர் அழுங்கு திரிந்து வந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய, எறும்பு தின்னும் சாதுப் பிராணி அது. யாராவது உரக்கத் தும்மினால்கூடப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

மழை தொடங்கினால் அந்தக் காட்டில் இடச் சண்டையும் தொடங்கிவிடும். இந்த முறை சண்டை வேண்டாம், இனம் பார்த்து இடம் பிரித்துக்கொள்வோம் என்று எல்லா விலங்குகளும் கூடி முடிவு செய்தன. பிரிக்கும் பொறுப்பைக் கருமந்தி தானாகவே எடுத்துக்கொண்டது. காட்டிலேயே தான்தான் விவரமான ஆள் என்று அதற்கு நினைப்பு.

மடியில் குட்டியோடு குகை வாசலில் உட்கார்ந்து அது சட்டம் சொன்னது. "மேலே இறகு இருந்தால் மரப்பொந்து. செதில் இருந்தால் பாறை இடுக்கு. முடி இருந்தால் இந்தக் குகை."

மான் உள்ளே போனது. கரடி போனது. அடுத்து யானை வந்து நின்றது.

"உனக்கு முடி எங்கே?" என்றது கருமந்தி.

"வால் நுனியில் கொஞ்சம் இருக்கிறது, அக்கா."

"அப்படியானால் வாலை மட்டும் உள்ளே வைத்துக்கொள்."

யானை யோசித்துப் பார்த்தது. பிறகு திரும்பி, வாலை மட்டும் குகைக்குள் நீட்டிவிட்டு மழையில் நின்றது. சட்டம் என்றால் சட்டம்தானே.

அழுங்கின் முறை வந்தபோது கருமந்தி சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செதில். பாறை இடுக்கு."

அழுங்கு தயங்கித் தயங்கிப் பாறை இடுக்குக்குப் போனது. பாறை இடுக்கில் தண்ணீர் கசியும். குட்டியின் செதில் இன்னும் கெட்டிப்படவில்லை, இந்தக் குளிரைத் தாங்காது. போதாக்குறைக்கு அங்கே மலைப்பாம்பு வேறு இருந்தது.

மலைப்பாம்பு மரியாதையாகத்தான் வரவேற்றது. "வா தங்கச்சி. நீ என் இனம் என்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பசி வந்துவிட்டால் எனக்கு உறவுமுறையெல்லாம் மறந்துபோகும்."

போன வேகத்தில் அழுங்கு குகை வாசலுக்குத் திரும்பி வந்தது.

"அக்கா, நான் பாம்பு இனம் இல்லை."

"பின்னே? செதிலைக் கழற்றி வைத்துவிட்டு வா, பார்க்கலாம்."

குகைக்குள் இருந்தவை சிரித்தன. வேறு நாளாக இருந்தால் அழுங்கு அங்கேயே சுருண்டிருக்கும். ஆனால் குட்டி பசியில் சிணுங்கியது. அழுங்கு வெட்கத்தை விட்டு வாசலிலேயே ஒருக்களித்துப் படுத்தது. செதில் இல்லாத அதன் மார்பில் குட்டி போய் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் கருமந்தியின் குட்டியும் அம்மாவின் மார்பில் முகம் புதைத்திருந்தது.

அதைப் பார்த்ததும் அழுங்குக்கு ஒன்று தோன்றியது. "அக்கா, உன் குட்டி என்ன செய்கிறது?"

"பால் குடிக்கிறது. உனக்குக் கண் தெரியவில்லையா?"

"என் குட்டியும் அதைத்தான் செய்கிறது. மலைப்பாம்பைக் கேட்டுப் பார், அது அம்மாவிடம் ஒரு வாய் பால் குடித்திருக்கிறதா என்று."

"நான் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவன்," என்று இடுக்கிலிருந்து குரல் வந்தது. "பால் என்றால் என்ன?"

சிரிப்பு நின்றுவிட்டது. குகைக்குள் மான்குட்டியும் கரடிக்குட்டியும் தாயை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. கருமந்தி அவற்றைப் பார்த்தது, அழுங்கைப் பார்த்தது, தன் மடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு தலையைச் சொறிந்தது.

"நானும் பால் குடித்து வளர்ந்தவன்தான், அக்கா," என்றது வெளியே நின்ற யானை. "நிறையவே குடித்தேன்."

"சரி, சரி. இனிமேல் இந்தக் குகை பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு. நம் இனத்துக்குப் பாலூட்டிகள் என்று பெயர் வைக்கிறேன்," என்றது கருமந்தி, எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி. அழுங்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. இடம் கிடைத்ததே அதற்குப் போதும்.

யானை உள்ளே வந்ததும் எல்லோரும் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. அதனால் குகை இன்னும் கதகதப்பாக இருந்தது. வெளியே மழை கொட்டியது. அழுங்கு குட்டியை அணைத்துச் சுருண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனது. கருமந்தியின் குட்டி மெல்ல இறங்கி வந்து, அந்தச் செதில்மேல் தலை வைத்துத் தானும் தூங்கியது.

நீதி: மேலே தெரிவதை மட்டும் பார்த்து ஒருவரை இன்னாரென்று முடிவு செய்யக் கூடாது.