சலோமி போட்ட முடிச்சுகள்

ஏரியின் நடுவே கோரைப்புல் அடர்ந்த ஓர் இடத்தில் இரண்டு முக்குளிப்பான் பறவைகள் வாழ்ந்தன. கணவன் பெயர் ஆசீர். மனைவி பெயர் சலோமி. தழையையும் பாசியையும் குவித்து, தண்ணீரில் மிதக்கும் கூடு ஒன்று கட்டியிருந்தார்கள். மிதந்து போய்விடாமல் இருக்க அதை ஒரே ஒரு கோரைத்தண்டில் தளர்வாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று முட்டைகள்.

போன வருடத்து முட்டைகளைத் தண்ணீர்ப்பாம்பு விழுங்கிவிட்டது. அன்று முதல் சலோமிக்கு நிம்மதியே இல்லை. புல் அசைந்தாலும் எழுந்து ஓடினாள்.

ஒரு நாள் காலையில் ஆசீர் மீனோடு வந்தான். முட்டைகளைத் தொட்டதும் பதறினான்.

"சலோமி! முட்டையெல்லாம் சில்லுன்னு இருக்கே! எங்கே போனே?"

"பாம்பு வருதான்னு பார்க்கப் போனேங்க!"

"வந்துச்சா?"

"இல்ல. வந்துட்டா என்ன பண்றது?"

ஆசீர் முட்டைகளின் மேல் உட்கார்ந்து சூடேற்றினான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஆசீர் இரை தேடப் போயிருந்தான். சலோமி பாசிக்கொடிகளை இழுத்து வந்து, சுற்றியிருந்த எல்லாத் தண்டுகளோடும் கூட்டை இறுக்கிக் கட்டினாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டாள்.

"இனி எந்த வெள்ளமும் என் கூட்டை அசைக்க முடியாது!" என்றாள்.

ஏரி நிறைந்தது. தண்ணீர் மேலே வந்தது. கூடு மட்டும் மேலே வரவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி முட்டைகளைத் தொட்டது.

அப்போது ஆசீர் திரும்பி வந்தான். "ஐயோ, கட்டை அவிழ்த்து விடு! கூடு முங்குது!"

"அவிழ்த்தா வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடும்! நான் விடமாட்டேன்!"

"நம்ம கையில இருக்கிறதைவிட ஆண்டவர் கையில இருக்கிறது நல்லது, சலோமி!"

சலோமி நனைந்த முட்டைகளைப் பார்த்தாள். மழையிலேயே கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. என்னால இதுங்களைக் காப்பாத்த முடியல. நீங்க பார்த்துக்கோங்க."

மழை குறையவில்லை. ஆனால் நெஞ்சின் படபடப்பு மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அலகால் அவிழ்த்தாள். ஆசீரும் கூடச் சேர்ந்தான். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் கூடு குலுங்கி, தண்ணீரோடு மேலே எழுந்தது. பழைய ஒற்றைக் கட்டு அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டது.

சலோமி முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். மழை அவள் முதுகில் கொட்டியது. அவள் எழுந்து ஓடவில்லை.

சில நாட்களில் இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. மூன்றாவது முட்டை பொரியவே இல்லை. அன்று முழுவதும் சலோமி அழுதாள்.

மறுநாள் இரண்டு குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு பாடியபடி நீந்தினாள். பக்கத்துக் கரையில் இருந்த நீர்க்கோழி கேட்டது: "ஒண்ணு போயிடுச்சே சலோமி! பாட்டு எப்படி வருது?"

"அழுதேன் அக்கா. இப்பவும் வலிக்குது. ஆனா நான் அழும்போதும் ஆண்டவர் என்னை விட்டுப் போகல. அதை நினைச்சா பாட்டு தானா வருது!"

கவலையை ஆண்டவரிடம் ஒப்படைத்தவர்களின் மனம், மழை நிற்பதற்கு முன்பே அமைதி அடைகிறது.