ஓடைக்கரை நாவல் மரம்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்லை இது.

பொதிகை அடிவாரத்துல உலகம்மைன்னு ஒரு வைத்தியச்சி. வயசு நாற்பது. அவளுக்கு ஒரே சீடர், பூதலிங்கம். பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு வாங்கினவர், வயசு அறுபது. ஊர் சிரிச்சுது. ரெண்டு பேரும் கண்டுக்கிடலை.

நாவல் மரத்தை மட்டும் ஒரு வருஷம் படிச்சார். வயித்துப்போக்குக்கும் வாய்ப்புண்ணுக்கும் பட்டைக் கசாயம். சர்க்கரை வியாதிக்குக் கொட்டையை நிழல்ல உலர்த்தி இடிச்ச பொடி. எல்லாம் தலைகீழாச் சொல்லுவார்.

அவருக்கு ஒரே ஆசை.

"நான் எப்பம்மா தனியா வைத்தியம் பாக்கது?"

"நாளைக்குப் பட்டை எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. பாப்போம்."

உலகம்மை எப்பவும் மரத்துல ஒரு பக்கமா உள்ளங்கை அகலம்தான் பட்டை சீவுவா. ஏன்னு அவர் கேட்டதில்லை.

மறுநாள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

"எத்தனை மரத்துல எடுத்தீய?"

"ஒரே மரம்தான். ஓடைக்கரையில நிக்கது. ஒரு சாண் உயரத்துக்குச் சுத்தி உரிச்சேன். உள்கட்டையில ஒரு கீறல் கிடையாது."

அவ சாக்கைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கரைக்கு நடந்தா. அவரும் பின்னால போனார். மரம் இடுப்புத்துணி அவுந்த மாதிரி வெள்ளையா நின்னுது.

"இது பிழைக்காது அண்ணாச்சி."

அவர் அண்ணாந்து பார்த்தார். "இலை ஒண்ணுகூட வாடலையே."

"தண்ணி உள்கட்டை வழியா ஏறுது, அதான். ஆனா இலை ஆக்குற சோறு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கும். இனி வேர் பட்டினி. மேல இருக்க இலைக்கு அது தெரிய நாளாகும்."

பூதலிங்கம் அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

"எனக்கு விசில் ஊதத்தான் லாயக்கு. வீட்டுக்குப் போறேன்."

"போகலாம். முதல்ல இதுலயே விரல் தண்டியில நாலு குச்சி வெட்டுங்க."

வெட்டினார். அவ ஒண்ணை எடுத்து ரெண்டு முனையையும் சீவினா. அடி முனையைக் கீழ்ப் பட்டைக்குள்ளயும் நுனியை மேல்பட்டைக்குள்ளயும் செருகி, களிமண்ணும் சாணியும் குழைச்சு அப்பினா. வேருக்குச் சோறு இறங்க, காயத்துக்கு மேல ஒரு பாலம்.

"அடி கீழதான் இருக்கணும். மாத்தி வச்சா ஒட்டாது." கத்தியையும் மிச்சம் மூணு குச்சியையும் அவர் கையில கொடுத்துட்டு எழுந்தா.

"நீங்க எங்கம்மா?"

"தனியா வைத்தியம் பாக்கணும்னு கேட்டீயள்லா."

அவர் ஒரு குச்சியைச் சீவ எடுத்தார். "நான் வச்சு ஒட்டலைன்னா?"

"புதுசா ஒரு கொட்டை ஊனி மரமாக்குங்க. பத்து வருஷத்துல அதுல உள்ளங்கை அகலம் பட்டை எடுக்கலாம்."

"அப்ப எனக்கு எழுபதும்மா."

"மரத்துக்குப் பத்து."

உரிச்ச பட்டையை வீணாக்கக் கூடாதுன்னு, சாக்கைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு உலகம்மை திரும்பிப் பாக்காம நடந்தா.